24 மணி நேரக் கார் பந்தயம்: நமக்கு என்ன பாடம்?



ஆண்டு மலருக்குக் கார் பந்தயம் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் பெஞ்சுக்காரன் கேட்ட முதல் கேள்வி, "அஜித் துபாய்ல ஓட்டினாரே, அதுவாடா?" என்பதுதான். அதேதான்! 2025 ஜனவரியில் நடந்த துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. கொடி பிடித்துக் கொண்டு அவர் ஓடியதை நாம் எல்லோரும் செல்போனில் பார்த்தோம். ஆனால் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. பந்தயத்துக்கு முன்னால் பயிற்சியில் அவர் கார் பெரிய விபத்தில் சிக்கியது. அதன்பின் தன் அணியின் அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து அவர் ஒதுங்கிக் கொண்டார். மற்றவர்கள் ஓட்டினார்கள். அணி மூன்றாம் இடம் பிடித்தது.

சொந்த அணியில் தானே ஸ்டீயரிங்கை விட்டுக் கொடுப்பதா? அது தோல்வி இல்லையா? இல்லை. இந்த வகைப் பந்தயத்தின் அடிப்படையே அதுதான். எப்படி என்று பார்ப்போம்.

தினம் 120 தடவை திண்டிவனம்!

நான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் பஸ்ஸில் வருகிறவன். கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். விக்கிரவாண்டியில் ஆள் இறக்கி ஏற்றி வந்து சேர ஒரு மணி நேரம் ஆகிறது. இறங்கும்போதே முதுகு வலிக்கிறது.

பிரான்ஸ் நாட்டில் லெ மான் என்று ஒரு ஊர். அங்கே 1923-ல் தொடங்கியதுதான் உலகப் புகழ் பெற்ற 24 மணி நேரப் பந்தயம். ஒரு சுற்று 13.6 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்று சுற்று அடித்தால் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போனது போல. அந்தத் தடத்தில் பெரும்பகுதி, சாதாரண நாட்களில் லாரியும் காரும் போகிற பொதுச் சாலை. பந்தயத்துக்காக அதை அடைத்து விடுகிறார்கள். நேர்சாலையில் முன்னணிக் கார்கள் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும்.

2012 ஜூன் 16, 17 தேதிகளில் அங்கே ஓடிய கார்களில் ஒன்றில் நம் சென்னைக்காரர் இருந்தார். பெயர் கருண் சந்தோக். லெ மான் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர். அவருடைய கார் 24 மணி நேரத்தில் 357 சுற்று ஓடியது. கணக்குப் போடுங்கள்: சுமார் 4,865 கிலோமீட்டர். அதாவது ஒரே நாளில் ஏறத்தாழ 120 தடவை விழுப்புரம் - திண்டிவனம்! பெட்ரோல் போட நின்றது, டயர் மாற்ற நின்றது எல்லாம் சேர்த்தே சராசரி வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். நம் பஸ்ஸின் ஒரு மணி நேரம் அந்தக் காருக்கு 12 நிமிடம். முடிவில் ஒட்டுமொத்தத்தில் ஆறாவது இடம்.

ஓட்டுநர் ஆவது எப்படி?

கருண் சந்தோக் 1984-ல் பிறந்தவர். அவர் தாத்தா இந்து சந்தோக், 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிறுவனர்களில் ஒருவர். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியதும், பின்னர் 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தடம் கண்டதும் இந்தக் கிளப்தான். அப்பா விக்கி சந்தோக்கும் ராலி ஓட்டியவர். நமக்கு அப்படித் தாத்தாவும் இல்லை, தடமும் இல்லை. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் நுழைய முதலில் வேண்டியது பணம்.

ஆனால் பணம் மட்டும் போதுமா? 2000-ல் ஃபார்முலா மாருதி தேசியப் பட்டம், 2001-ல் ஆசியப் பட்டம், பிறகு இங்கிலாந்தில் ஃபார்முலா 3, 2007-ல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஜி.பி.2 வெற்றி என்று படிப்படியாகத்தான் அவர் ஏறினார். 2010-ல் ஃபார்முலா 1 வந்தது. வந்த விதம் எப்படி? பஹ்ரைனில் தகுதிச் சுற்று தொடங்கும் வரை அவர் கார் ஒரு மீட்டர் கூட ஓடியதில்லை! அந்த நிலையிலிருந்து ஆஸ்திரேலியாவிலும் மொனாக்கோவிலும் 14-ம் இடம் வரை வந்தார். ஆனாலும் 10 பந்தயங்களோடு இடம் பறிபோனது. 2011-ல் இன்னொரு அணியில் ஒரே ஒரு பந்தயம். அவ்வளவுதான்.

'சரி, கதை முடிந்தது' என்று நாம் சொல்லியிருப்போம். அவர் அடுத்த ஆண்டே நீண்ட தூரப் பந்தயத்துக்கு வந்தார். ஒருவர் மட்டுமே ஓட்டும் காரிலிருந்து, மூன்று பேர் பங்கு போட்டுக் கொள்ளும் காருக்கு!

ஒரு காருக்கு மூன்று பேர்

அந்தக் காரில் அவருடன் ஓட்டியவர்கள் ஆஸ்திரேலியாவின் டேவிட் பிராபம், ஸ்காட்லாந்தின் பீட்டர் டம்பிரெக். கார் எச்.பி.டி. தயாரிப்பு, 3.4 லிட்டர் வி8 எஞ்சின். இங்கே விதிகள் இப்படி இருக்கின்றன:

1. எந்த ஓட்டுநரும் 6 மணி நேரத்துக்குள் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

2. பெட்ரோல் நிரப்பும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். அந்த நாளைய விதிப்படி நிரப்பி முடித்த பிறகுதான் டயரில் கை வைக்கலாம்.

3. வேகக் கார்களும் அவற்றைவிட மெதுவான ஜி.டி. கார்களும் ஒரே தடத்தில் ஒன்றாக ஓடும். ராத்திரி இருட்டிலும் முந்திக் கொண்டே இருக்க வேண்டும். நம் ஹைவேயில் ஆம்னி பஸ்ஸும் டிராக்டரும் சேர்ந்து போவது மாதிரி!

ஓட்டுநர் மாறும் அந்தச் சில நொடிகள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிட்டுக்குள் கார் நுழைந்து வரும்போதே ஓட்டுகிறவர் பெல்ட்டைத் தளர்த்தத் தயாராகிறார். இறங்கியதும் ஓடிவிடுவதில்லை. குனிந்து நின்று, ஏறுகிறவருக்குப் பெல்ட் மாட்ட உதவுகிறார். ரேடியோ ஒயர், தண்ணீர்க் குழாய் இரண்டையும் பொருத்துகிறார். உயரம் வேறானால் சீட்டுக்குள் வைக்கும் மெத்தையும் மாறும். பிரேக் எப்படி இருக்கிறது, டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, தடத்தில் எங்கே எண்ணெய் சிந்தியிருக்கிறது என்ற தகவல் போய்ச் சேருகிறது.

இங்கே ஒருவன் வெறியோடு ஓட்டி ஒரு சுற்றில் 2 நொடி மிச்சம் பிடித்தான், ஆனால் கியர்பாக்ஸைக் கெடுத்தான் என்றால் அவனுக்குப் பெயர் வீரன் அல்ல. மற்ற இரண்டு பேரின் பந்தயத்தையும் கெடுத்தவன். வேகமாக ஓட்டுவது பாதி வேலை. வாங்கியதை நல்ல நிலையில் அடுத்தவன் கையில் கொடுப்பது மீதிப் பாதி.

மாமா சொன்னது

என் மாமா லாரி டிரைவர். சென்னையிலிருந்து தெற்கே லோடு ஏற்றிப் போகிறவர். இரண்டு டிரைவர் வண்டி. ஒரு தடவை விக்கிரவாண்டி டீக்கடையில் அவரைப் பார்த்தேன். அவர் இறங்கி அடுத்தவர் ஏறும் நேரம். மாமா டீயைக் கையில் எடுக்கவில்லை. கம்பியால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டார். பிறகு அவரிடம் போய், "அண்ணே, பிரேக் லேசா இடது பக்கம் இழுக்குது. பின்னால உள் டயர்ல காத்து கம்மி. பாத்துக்குங்க" என்றார்.

"ஏன் மாமா, அவரே ஓட்டிப் பாத்துத் தெரிஞ்சுக்க மாட்டாரா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுக்குவாரு மாப்ள. எப்போ தெரிஞ்சுக்குவாரு? குறுக்க ஆடு வரும்போது தெரிஞ்சுக்குவாரு" என்றார்.

லெ மானில் நடப்பதும் இதுதான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பிட் சுவரும் சக் கீயும்

கருணுக்கு முன்பே லெ மானில் ஓடியிருக்க வேண்டியவர் கோவையின் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் அவர். 2009-ல் ஆடி ஆர்10 டீசல் காரில் லெ மானுக்குப் போனார். எல்லாம் தயார். பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரைத் தாண்டியபோது விழுந்து தோள்பட்டை விலகிவிட்டது. ஓட்ட முடியவில்லை.

அந்தக் காரின் மற்ற இருவர் என்ன செய்தார்கள்? மூன்று பேர் வேலையை இரண்டு பேராகச் சுமந்து 7-வது இடத்தில் முடித்தார்கள். அந்த இருவரில் ஒருவர் ஆந்த்ரே லோட்டரர். அவருக்கு அது முதல் லெ மான். பின்னர் ஆடி கம்பெனியின் சொந்த அணியில் இடம் பெற்று 2011, 2012, 2014 என மூன்று முறை ஜெயித்தார். 300 கிலோமீட்டர் வேகத்தில் அல்ல நண்பர்களே, நின்ற இடத்தில் ஒரு சுவரைத் தாண்டும்போது ஒருவரின் வாய்ப்பு நழுவியது!

நரேன் அதோடு ஓயவில்லை. 2019-ல் ஜப்பானின் சூப்பர் ஜி.டி. தொடரில் ஓட்டினார். அந்த ஆண்டு நவம்பரில் ஃபுஜி தடத்தில் வெற்றியும் பெற்றார். 2021-ல் அர்ஜுன் மைனி, நவீன் ராவ் ஆகியோருடன் சேர்ந்து, மூன்று ஓட்டுநரும் இந்தியரான அணியாக ஆசிய லெ மான் தொடரில் ஓடினார்.

இதைப் படித்தபோது எனக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. போன வருடம் ஒர்க்‌ஷாப்பில் லேத் வேலை. ஸ்டெப் டர்னிங் பாதியில் இருந்தது. ஜாபைச் சக்கில் இறுக்கினேன். மணி ஆகிவிட்டது, திண்டிவனம் பஸ் போய்விடும் என்ற அவசரம். "மச்சான், நீ பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக் கொண்டு ஓடினேன். சக் கீயைச் சக்கிலேயே விட்டிருந்தேன். சொல்லவும் இல்லை. நண்பன் சுவிட்சைப் போட்டான். கீ பறந்து வந்து அவன் வலது கையில் அடித்தது. இரண்டு விரல் எலும்பு முறிவு. அந்த செமஸ்டர் பிராக்டிகலுக்கு அவனால் வர முடியவில்லை. இன்றும் அவன் மார்க் ஷீட்டில் அது அரியராகத்தான் இருக்கிறது.

"விடுடா, நானும் பாத்திருக்கணும்" என்றான் அவன். நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. வாய் வரவில்லை. இந்த மலரை அவனும் படிப்பான். மச்சான், தப்பு என்னுது. நீ பார்த்திருக்க வேண்டியதில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் சம்பளம் கிடைப்பதில்லை. உலக மோட்டார் பந்தய அமைப்பு ஓட்டுநர்களைப் பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று நான்கு தரமாகப் பிரிக்கிறது. மேல் தரத்தில் உள்ள சிலருக்குக் கார் கம்பெனிகளே சம்பளம் தருகின்றன. கீழ்த்தரத்தில் உள்ளவர்களில் பலர் தாங்களே பணம் கட்டி ஓட்டும் செல்வந்தர்கள். கருண் 2013, 2014, 2015, 2017 ஆண்டுகளிலும் லெ மானில் ஓட்டிவிட்டுப் பிறகு டி.வி. வர்ணனையாளராகப் பெயர் பெற்றார். ஆக, ஓட்டுநர் கனவு நம்மில் அநேகருக்கு எட்டாதது. எனக்கும்தான்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். கருண் பட்டம் வென்ற ஃபார்முலா மாருதி வகைக் கார்கள் எங்கே உருவாயின தெரியுமா? கோயம்புத்தூரில்! கரிவர்தன் என்ற பந்தய வீரர் மாருதி எஞ்சினை வைத்து, குறைந்த செலவில் அந்தக் கார்களைக் கட்டினார். அவர் பெயரில்தான் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. குழாயை வளைத்தவர், வெல்டிங் வைத்தவர், அச்சைக் கடைந்தவர் எல்லாம் நம் தொழில்காரர்கள்தான். லெ மானில் நள்ளிரவு பிட்டில் வீல் நட்டை இறுக்குகிறவர் கையில்தான் அடுத்து ஏறும் ஓட்டுநரின் உயிர் இருக்கிறது.

நாளை நாம் போகப் போகிற தொழிற்சாலைகளிலும் மூன்று ஷிப்ட். 24 மணி நேரமும் மிஷின் ஓடும். நாம் 8 மணி நேரம் ஓட்டிவிட்டு இன்னொருவன் கையில் கொடுக்கப் போகிறோம். அங்கே யாரும் கொடி அசைக்க மாட்டார்கள். கை தட்ட மாட்டார்கள். ஆனால் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். எது தளர்ந்திருக்கிறது, எது சூடாகிறது, எது பாதியில் நிற்கிறது என்று சொல்லுங்கள்.

பஸ் போனால் அடுத்த பஸ் வரும் நண்பர்களே! விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்?



- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை