குண்டின் எடையா, நீளமா? – துப்பாக்கிக் குழலின் முறுக்குக் கணக்கு



"துப்பாக்கி சுடுறதுல என்ன பாடம் இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். போன என்.சி.சி. கேம்ப் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் கேம்ப்பில் பாயிண்ட் டூ டூ ரைபிளில் ஆளுக்கு ஐந்து ரவுண்டு. தூரம் 25 கெஜம். போட்டிக்குப் போகும் அணியை அன்றுதான் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் பிரிவில் நன்றாகச் சுடுபவள் என் தோழி. ஆனால் அன்றைக்கு அவளுடைய ஐந்து குண்டும் மூலைக்கு ஒன்றாகச் சிதறிவிட்டன. "கை நடுங்கிடுச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். ராத்திரி அவள், "நான் என்.சி.சி.யை விட்டுடறேன்டி" என்று அழுதாள்.

அவளுடைய டார்கெட் தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஓட்டைகள் வட்டம். இரண்டு மட்டும் நீள்வட்டமாக, சாவித்துவாரம் மாதிரி இருந்தன. மறுநாள் காலை அதை ஹவில்தார் சாரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது பொண்ணு தப்பு இல்லம்மா. குண்டு படுத்துக்கிட்டுப் போயிருக்கு. பேரல் சரியா பிடிக்கலை" என்றார்.

குண்டு எப்படிப் படுக்கும்? பேரல் எதைப் பிடிக்க வேண்டும்? இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டும், கணக்குப் போட்டுப் பார்த்தும் நான் புரிந்துகொண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. குழலுக்குள் என்ன இருக்கிறது?

ரைபிளின் குழல் உள்ளே வழுவழுப்பாக இருக்காது. திருகாணியின் மரை போல, சுற்றிச் சுற்றிப் போகும் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு அந்த வரிகளில் அழுந்திக்கொண்டு வெளியே வருவதால் சுழன்றபடியே பறக்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை அங்குலம் ஆகிறதோ, அதுதான் அந்தக் குழலின் முறுக்கு அளவு. பாயிண்ட் டூ டூ ரைபிளில் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

மனக்கணக்கு: 25 கெஜம் = 75 அடி = 900 அங்குலம். 900-ஐ 16-ஆல் வகுத்தால் 56¼. அதாவது டார்கெட்டைத் தொடுவதற்குள் குண்டு 56 தடவைக்கு மேல் சுற்றிவிடுகிறது!

2. ஏன் சுழல வேண்டும்?

பம்பரத்தை நினைத்துப் பாருங்கள். சும்மா நிறுத்தினால் விழும். சாட்டையைச் சுற்றி விட்டால் நிற்கும். குண்டும் அப்படித்தான். எதிர்க்காற்று அழுத்தும் இடம் குண்டின் எடை மையத்துக்கு முன்னால், மூக்குப் பக்கமாக இருக்கிறது. அதனால் காற்று எப்போதும் மூக்கைப் புரட்டித் தள்ளவே பார்க்கும். சுழற்சி போதுமான அளவு இருந்தால் குண்டு நேராகப் போகும். போதாவிட்டால் தடுமாறிக் குறுக்கே திரும்பும். அப்போதுதான் தாளில் சாவித்துவாரம் விழும்.

3. எடையா, நீளமா?

குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற அளவில் சொல்வார்கள். தானிய மணி என்று பொருள். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. "கனமான குண்டுக்கு வேகமான முறுக்கு வேணும்" என்பது பொதுவாகச் சொல்லும் வழக்கம். இது பாதி உண்மைதான். ஒரே விட்டத்தில் கனத்தைக் கூட்டினால் குண்டு நீளமாகிறது. நீளமான குண்டைக் காற்று சுலபமாகப் புரட்டும். ஆகவே உண்மையில் பார்க்க வேண்டியது நீளத்தை!

1879-இல் ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தார்.

முறுக்கு = 150 × விட்டம் × விட்டம் ÷ நீளம்

எல்லாம் அங்குலத்தில். ஈயம் உள்ள குண்டுகளுக்கு இது பொருந்தும். குண்டு நொடிக்கு 2,800 அடிக்கு மேல் போனால் 150-க்குப் பதிலாக 180 போடுவது வழக்கம்.

நம் பாயிண்ட் டூ டூ குண்டைப் போட்டுப் பார்ப்போம். எடை 40 கிரெய்ன், விட்டம் 0.223, நீளம் சுமார் 0.46. விடை ஏறத்தாழ 16.2. குழலில் இருப்பது 16. நூற்றாண்டுக்கு முந்தைய சூத்திரம், எவ்வளவு கிட்டத்தில் வருகிறது பாருங்கள்!

4. ஒரு படை கற்ற பாடம்

அமெரிக்கப் படையின் எம்-16 ரைபிளுக்கு முதலில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற குழல் இருந்தது. குண்டு 55 கிரெய்ன். சாதாரண வெயிலில் சமாளித்தது. கடுங்குளிரில் காற்று அடர்த்தியாகிவிடும். புரட்டும் விசையும் கூடும். அங்கே குறி தவறியது. 1963-இல் 12 அங்குலத்துக்கு மாற்றினார்கள்.

1980-இல் நேட்டோ நாடுகள் 62 கிரெய்ன் குண்டைத் தேர்ந்தெடுத்தன. கூடியது 7 கிரெய்ன், அதாவது அரை கிராமுக்கும் குறைவு. ஆனால் அதன் முனைக்குள் எஃகுத் துண்டு இருந்தது. எஃகு ஈயத்தைவிட லேசு; அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும். ஆகவே நீளம் சுமார் 0.74 அங்குலத்திலிருந்து சுமார் 0.9 அங்குலமாகிவிட்டது. விட்டம் 0.224. 180 போட்டுக் கணக்கிட்டால் பழைய குண்டுக்கு ஏறத்தாழ 12 வரும், புதுக்குண்டுக்கு 10 வரும். ஆகவே 12 அங்குலக் குழலில் புதுக்குண்டு உருண்டு புரண்டது. அதனுடன் வந்த, ஒளி விட்டுச் செல்லும் குண்டு இன்னும் நீளம். அதையும் சேர்த்து நிலைநிறுத்தத்தான் 1980-களில் வந்த எம்-16 ஏ-2 ரைபிளுக்கு 7 அங்குல முறுக்கு வைத்தார்கள்.

"அப்படின்னா எல்லாத்துக்கும் 7 வச்சிடலாமே?" நல்ல கேள்வி. முறுக்கு மிகுந்தால் குண்டின் சிறு சமனின்மைகூட பெரிதாகி, குறி லேசாக அகலும். மெல்லிய உறையுள்ள லேசான குண்டு சுழலும் வேகத்திலேயே சிதறிப்போவதும் உண்டு. அதனால் குண்டுக்கு ஏற்ற குழல், குழலுக்கு ஏற்ற குண்டு.

5. செய்து பாருங்கள்

ஓர் ஈர்க்குச்சித் துண்டை வட்டமான அட்டையின் நடுவில் செருகி விரலால் சுழற்றுங்கள். முதலில் அட்டை தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் இருக்கட்டும். பிறகு மூன்று விரல் உயரத்துக்கு ஏற்றுங்கள். அதே வேகத்தில் சுற்றினாலும் இரண்டாவது பம்பரம் சீக்கிரம் சாயும். அதை நிறுத்த இன்னும் வேகம் வேண்டும். நீளமான குண்டின் கதை இதுதான்.

நினைவில் கொள்க: ஓட்டைகள் வட்டமாக இருந்து சிதறியிருந்தால் பெரும்பாலும் பிடியையும் மூச்சையும் கவனியுங்கள். ஓட்டை நீண்டிருந்தால் முதலில் குழலையும் குண்டையும் பாருங்கள்.

இனி என் தோழிக்கு வருகிறேன். ஹவில்தார் சார் அந்தக் குழலைத் துடைத்தபோது துணியில் ஈயச் செதில்கள் வந்தன. வரிகள் ஈயத்தால் அடைந்தும், பழையதாகித் தேய்ந்தும் போயிருந்தன. முறுக்கு 16 அங்குலமாக இருந்தும், குண்டை அது பிடித்துச் சுழற்றவில்லை. வேறு ரைபிளில் அவளுக்கு ஐந்து ரவுண்டு கொடுத்தார். ஐந்தும் வட்ட ஓட்டைகள். ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம் போல நெருக்கமாக இருந்தன.

ஆனால் பெயர்ப் பட்டியல் முந்தின நாளே போய்விட்டது. இந்த வருடம் அவள் போட்டிக்குப் போகவில்லை. என்.சி.சி.யை விடவும் இல்லை. அந்த இரண்டாவது தாளைத் தன் இயற்பியல் நோட்டுக்குள் ஒட்டி வைத்திருக்கிறாள்.

யாராவது தவறினால், "கை நடுங்கிடுச்சு" என்று சொல்வதற்கு முன் தாளை ஒருமுறை உற்றுப் பாருங்கள் நண்பர்களே!



– என்.சி.சி. மாணவி, பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு