மைக்கில் வந்த பாடம்

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம். கொரோனா நோய் பரவியது. நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஒன்று இரண்டு பள்ளிகள் அல்ல. சுமார் 15 லட்சம் பள்ளிகள். ஏறக்குறைய 25 கோடிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள்.

பத்து நாள் லீவு என்றால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். மாதக்கணக்கில் மூடினால்? படித்த எழுத்து மறந்து போகும். எழுத்து எவ்வளவு சீக்கிரம் மறக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நாலு மாதம் புத்தகத்தைத் தொடாவிட்டால் 'ழ' எது, 'ள' எது என்று தடுமாற்றம் வரும். சில பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். கூலி வாங்கிப் பழகிய பிள்ளையை மறுபடி பள்ளிக்குக் கூட்டி வருவது லேசான காரியமா?

பிள்ளை பள்ளிக்குப் போக முடியாது. அப்படியானால் பாடம்தான் பிள்ளையைத் தேடி வர வேண்டும். எப்படி வரும்?

பல பள்ளிகள் போன் மூலம் பாடம் நடத்தின. ஆசிரியர் தம் வீட்டில் இருந்து பேசுவார். பிள்ளை தன் வீட்டில் இருந்து பார்க்கும். நல்ல வழிதான். ஆனால் அதற்குப் படம் தெரிகிற போன் வேண்டும். ரீசார்ஜ் செய்யப் பணம் வேண்டும். டவர் கிடைக்க வேண்டும். ஏழை வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். மாலையில் போன் வீட்டுக்கு வரும். அதற்குள் பாடம் முடிந்திருக்கும்.

கேரளத்தில் டி.வி. மூலம் பாடம் நடத்தினார்கள். 2020 ஜூன் 1 அன்று தொடங்கினார்கள். விக்டர்ஸ் என்ற அரசு சேனலில் பாடம் வந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி நேரம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை பூனைக் கதை சொன்னார். அதைப் பெரியவர்களும் ரசித்துப் பார்த்தார்கள். டி.வி. இல்லாத பிள்ளைகள் என்ன செய்தார்கள்? நூலகத்திலும் அங்கன்வாடியிலும் டி.வி. வைத்தார்கள். பிள்ளைகள் அங்கே போய்ப் பார்த்தார்கள். முதல் வாரப் பாடத்தைத் திரும்பவும் காட்டினார்கள்.

போனும் இல்லை, டி.வி.யும் இல்லை என்றால்?

ஜார்க்கண்ட் மாநிலத்தில் தும்கா மாவட்டம் இருக்கிறது. அங்கே பன்காட்டி என்று ஒரு கிராமம். அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் சுமார் 250 பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில் 200 பேருக்கு மேல் வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லை. தலைமை ஆசிரியர் யோசித்தார். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறோம். கல்யாணத்துக்குக் கட்டுகிறோம். பாடத்துக்குக் கட்டினால் என்ன?

ஊரில் பல இடங்களில் ஒலிபெருக்கி கட்டினார்கள். மரத்தில் கட்டினார்கள். சுவரில் கட்டினார்கள். பிள்ளைகள் அதிகம் இருக்கும் இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். ஆசிரியர்கள் பள்ளியில் இருந்து மைக்கில் பேசினார்கள். தினமும் இரண்டு மணி நேரம் பாடம் நடந்தது. பிள்ளைகள் மர நிழலில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஒலிபெருக்கியிடம் சந்தேகம் கேட்க முடியுமா? முடியாது. அது பேசும். அதற்குக் காது கிடையாது. அதற்கும் அந்த ஆசிரியர் ஒரு வழி வைத்திருந்தார். ஊரில் யாருடைய போனில் இருந்தும் கேள்வியை அனுப்பலாம். மறுநாள் மைக்கில் பதில் வரும். பாடம் பள்ளியில் இருந்து வீட்டுக்கு வந்தது. கேள்வி வீட்டில் இருந்து பள்ளிக்குப் போனது. இந்த இரண்டாவது வழியைத்தான் பல இடங்களில் மறந்துவிட்டார்கள்.

இதெல்லாம் பள்ளிக்கு ஈடாகுமா? ஆகாது. கிராமப்புறங்களில் ஒரு கணக்கு எடுத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். 2018-இல் 100 பேரில் சுமார் 27 பேர் படித்தார்கள். 2022-இல் சுமார் 20 பேர்தான் படித்தார்கள். முன்பே குறைவு. இன்னும் குறைந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து "இது தப்பு, இப்படி எழுது" என்று சொல்ல ஆள் வேண்டும்.

மேற்கு வங்காளத்தில் ஜமுரியா பகுதியில் ஓர் ஆசிரியர் அந்த வேலையைச் செய்தார். பள்ளி மூடியதும் பழங்குடி மக்கள் தெருவுக்கே போனார். வீட்டுச் சுவரில் கறுப்பு வண்ணம் பூசினார். சுவர் கரும்பலகை ஆனது. பிள்ளைகள் தெருவில் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு கரும்பலகை. பிள்ளைகள் எழுதுவதைத் தாய்மார்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பிறகு அவர்களும் சாக்பீஸ் எடுத்தார்கள். பாட்டிமாரும் எழுதினார்கள். சில வீடுகளில் பேரப்பிள்ளைதான் ஆசிரியர்!

கொரோனா காலம் போய்விட்டது. ஆனால் பிள்ளைக்கு அம்மை போடலாம். மழை வெள்ளம் வரலாம். கால் உடையலாம். அப்போதும் இரண்டு வாரம், மூன்று வாரம் பாடம் போய்விடும். பிள்ளையின் நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். எந்தப் பாடம் நடந்தது, எந்தப் பக்கம் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். உங்கள் கையால் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை எழுந்து உட்காரும் தெம்பு வந்ததும், தினம் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். புரியாததை ஒரு சீட்டில் எழுதுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகும்போது அந்தச் சீட்டைக் கொடுத்து அனுப்புங்கள்.