கைக்குள் ஒரு குறிப்பேடு: இரண்டில் எதைத் தெரிவு செய்வது?



உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் எனக்கு ஒவ்வொரு வருடமும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், இந்தப் போன் நல்லமா, அந்தப் போன் நல்லமா?" பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய்மாரும் இதையே கேட்கின்றனர். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் போனுக்குள் போனபோது, கடன்பட்டுக் கருவி வாங்கிய குடும்பங்கள் எமது ஊர்களில் ஏராளம். ஆகவே இது விளையாட்டுக் கேள்வியல்ல. இதற்கு விடையாக நான் வகுப்பில் சொல்லும் ஒரு பழைய அனுபவத்தை இங்கே பாடமாக எழுதுகிறேன்.

இரண்டு கருவிகள்

2003 ஆம் ஆண்டின் தொடக்கம். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கல்முனையில் ஒரு கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாப்பாவுக்குப் பசாரில் ஒரு சிறு புடைவைக் கடை. கத்தாரில் வேலை செய்த மூத்த காக்கா லீவில் வருவதற்கு முன் கோல் எடுத்தார். "வாப்பாட கடன் கணக்குக்கும் உன்ட படிப்புக்கும் கைக்குள்ள வைக்கிற கம்பியூட்டர் ஒண்டு கொண்டு வாறன். ரெண்டு வகை இருக்கு. எது எண்டு நீதான் சொல்லணும்" என்றார். கணினி படித்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். பெருமையில் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

அந்த இரண்டு வகைகளும் அக்காலத்தில் உலகம் முழுவதும் ஒன்றோடொன்று போட்டியிட்டவை. முதலாவது பாம். 1996 இல் 'பைலட்' என்ற பெயரில் வெளிவந்தது. இதை உருவாக்கிய ஜெப் ஹோக்கின்ஸ், கருவி செய்யுமுன் அதே அளவில் ஒரு மரத்துண்டை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது திகதி கேட்டால் மரத்துண்டை எடுத்து எழுதுவது போலப் பாவனை செய்வார். மனிதர் எதற்காகப் பையில் கைவைக்கிறார் என்பதை அவர் அப்படித்தான் கண்டுகொண்டார். நாட்குறிப்பு, முகவரி, செய்யவேண்டிய வேலைகள், சிறு குறிப்பு ஆகிய நான்கே அக்கருவியின் முக்கிய வேலைகள். முதல் பைலட்டின் நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. இரண்டு சிறிய பற்றரிகளில் வாரக்கணக்கில் ஓடியது.

அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பே, 1993 இல், அப்பிள் நிறுவனம் 'நியூட்டன்' என்ற கருவியை வெளியிட்டிருந்தது. மனிதரின் கையெழுத்தை அது வாசிக்கும் என்றார்கள். ஆனால் அது பல சொற்களைப் பிழையாக வாசித்து நகைப்புக்கு இடமானது. பாம் அதற்கு மறுபக்கமாகச் சிந்தித்தது. கருவி மனிதரின் கையெழுத்தைக் கற்பதை விட, மனிதர் கருவிக்கென ஓர் எளிய எழுத்தைக் கற்பது இலகு என்று 'கிரபிட்டி' என்னும் முறையைக் கொண்டு வந்தது. பெரும்பாலான ஆங்கில எழுத்துகளைப் பேனையை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதும் முறை அது.

இரண்டாவது வகை பொக்கட் பீசி. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் இப்பெயரை அறிமுகம் செய்தது. மேசைக் கணினியைச் சுருக்கிக் கைக்குள் வைப்பதே அதன் நோக்கம். அந்த வருடம் வந்த கொம்பாக் ஐபாக்கில் நிறத்திரை இருந்தது. அட்டவணை போடலாம், கடிதம் எழுதலாம், பாட்டுக் கேட்கலாம். நினைவகம் 32 மெகாபைட். விலையோ ஏறத்தாழ 500 டொலர். 2002 இல் வந்த 'சயர்' என்ற பாம் கருவி 99 டொலர்தான். ஆனால் அதன் திரையில் நிறம் இல்லை. நினைவகம் 2 மெகாபைட்.

கொப்பியில் நடுவே கோடு கீறி இரண்டையும் ஒப்பிட்டேன். விலை, பாரம், பற்றரி மூன்றிலும் பாம் முன்னுக்கு. திரை, வேகம், செய்யக்கூடிய வேலைகள் மூன்றிலும் பொக்கட் பீசி முன்னுக்கு. அதற்கு முந்திய இரு வருடங்களும் நாட்டில் நீண்ட மின்வெட்டு இருந்ததால் பற்றரிக்கு ஒரு புள்ளி கூட்டினேன். கடைக் கணக்குக்கு அட்டவணை தேவை என்பதால் மற்றதற்கும் ஒரு புள்ளி கூட்டினேன். கணக்குச் சமனாகவே நின்றது.

வாப்பா கேட்ட கேள்வி

கொப்பியை வாப்பாவிடம் காட்டினேன். ஆறுதலாகப் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் கேட்டார்.

"இதுல தமிழ் எழுதலாமா மகள்?"

என் பட்டியலில் அந்த வரி இருக்கவில்லை. கடையில் வாங்கிய நிலையில் இரண்டிலும் தமிழ் எழுத முடியாது. தமிழ் எழுத்துகள் 1991 இலேயே யூனிகோட் என்ற உலகப் பொதுக் குறியீட்டில் இடம் பெற்றுவிட்டன. ஆயினும் குறியீட்டில் இடம் இருப்பது வேறு, கருவியில் எழுத்துருவும் விசைப்பலகையும் இருப்பது வேறு. அந்நாட்களில் எமது ஊரில் கணினியில் தமிழ் என்றால் பாமினி எழுத்துருதான். அது கைக்கருவிக்குள் வரவில்லை.

"ஆக்கள்ட பேர நான் இங்கிலீசுல எழுதுறன் வாப்பா" என்று சமாளித்தேன். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை.

இதே கேள்வியைப் பெங்களூரில் சிலர் எமக்கு முன்பே கேட்டிருந்தார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். இந்திய விஞ்ஞான நிறுவகத்தின் பேராசிரியர்களும் பொறியியலாளர்களும் சேர்ந்து 'சிம்பியூட்டர்' என்ற கைக்கருவியை வடிவமைத்தார்கள். 2001 இல் அதன் மாதிரி காட்டப்பட்டது. இந்திய மொழிகளில் எழுத்தைக் காட்டுவதோடு வாசித்தும் காட்ட வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். ஒரு குடும்பத்தால் வாங்க முடியாவிட்டால் ஒரு கிராமமே ஒன்றைப் பகிரலாம். ஒவ்வொருவரின் விபரமும் அவரவர் வைத்திருக்கும் அட்டையில் இருக்கும். 2004 இல் அது விற்பனைக்கு வந்தபோது ஆரம்ப விலை ஏறத்தாழ 10,000 இந்திய ரூபாய். ஆனால் எதிர்பார்த்த அளவு விற்பனையாகவில்லை. அதற்குள் மலிவான கையடக்கத் தொலைபேசி கிராமங்களுக்குள் புகுந்துவிட்டது. வியாபாரத்தில் தோற்றாலும் அவர்கள் கேட்ட கேள்வி சரியானது: இதை யார் பயன்படுத்தப் போகிறார், அவருடைய மொழி எது?

நான் விட்ட பிழை

காக்கா இரண்டில் ஒன்றைக் கொண்டு வந்தார். எதை என்று நான் இங்கே சொல்லவில்லை. பிழை கருவியுடையது அல்ல, என்னுடையது.

ஒவ்வோர் இரவும் வாப்பாவின் கொப்பியைப் பார்த்துக் கடன்காரரின் பெயர்களையும் தொகையையும் பதிந்தேன். எமது ஊர்களில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். வாப்பாவின் கொப்பியில் அவர்களுக்கு வீதிப் பெயரும் பட்டப்பெயரும் சேர்ந்திருக்கும். ஆங்கில எழுத்தில் நான் அவற்றைச் சுருக்கினேன். என்னைத் தவிர வேறு யாருக்கும் விளங்காத கணக்காக அது மாறியது. இரண்டு மாதம் சென்றபின், இருமுறை எழுதுவது வீண் வேலை என்று சொல்லி வாப்பாவின் கொப்பியை நிறுத்தினேன். நான் சொன்னதை அவர் நம்பினார்.

ஐந்து வாரம் கடந்தது. ராத்தா வீட்டுக்கு மட்டக்களப்புக்குப் போய் இரு வாரம் நின்றுவிட்டேன். கருவி மேசை லாச்சிக்குள் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தபோது திரை இருண்டிருந்தது. மின் கொடுத்ததும் புதிதாக வாங்கியது போல எழும்பி, "இன்றைய திகதி என்ன?" என்று கேட்டது. உள்ளே ஒரு பெயரும் இல்லை.

மாணவிகள் இங்கே ஒரு பாடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்காலத்துக் கைக்கருவிகள், இருவகையும், நாம் எழுதியவற்றை றாம் எனப்படும் நினைவகத்திலேயே வைத்திருந்தன. மின் இருக்கும் வரைதான் அதற்கு நினைவு. பற்றரி முற்றாக இறங்கினால் எல்லாம் அழியும். இன்றைய போன்கள் மின் போனாலும் அழியாத பிளாஷ் நினைவகத்தில் பதிகின்றன. கைக்கருவிகள் அம்முறைக்குப் பொதுவாக மாறத் தொடங்கியது 2004, 2005 ஆம் ஆண்டுகளில்தான். அதற்கு முன் பாதுகாப்பு என்பது, கருவியைக் கணினியுடன் இணைத்து அடிக்கடி பிரதி எடுப்பது. எங்கள் வீட்டில் கணினி இல்லை. வகுப்பில் ஒரே ஒருமுறை, முதல் வாரத்தில் பிரதி எடுத்திருந்தேன். கையேட்டில் இது எழுதப்பட்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை.

வாப்பா பழைய கொப்பியை எடுத்தார். அதில் ஐந்து வாரத்துக்கு முந்திய நிலுவைதான் இருந்தது. அதை வைத்துக் கடைப் பையனை அனுப்பிக் கடன் கேட்டார். மறுநாள் மருதமுனையில் தறி நெய்யும் ஒரு தாய் கடைக்கு வந்தார். புருசன் இல்லாதவர். நான் அன்று கடையில் இருந்தேன்.

"முதலாளி, போன மாசம் நானே கொண்டு வந்து தந்தேனே. இந்த மகள்தானே மெசின்ல பதிஞ்சா" என்றார்.

உண்மைதான். அவர் காசைத் தந்ததும் நான் பதிந்ததும் எனக்கு நினைவிருந்தது. எவ்வளவு என்பது நினைவில்லை. வாப்பா அவர் சொன்ன தொகையை அப்படியே ஏற்று, எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். அந்தத் தாய் கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் வாப்பா சொன்னது இவ்வளவுதான். "நமக்கு வரவேண்டியத மறந்தாலும் பறவாயில்ல மகள். அவங்க தந்தத மறக்கப்படாது." பின்பு ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினார்.

கொப்பியும் போனது

அப்படியானால் கொப்பிதான் சிறந்தது என்று நினைக்கிறீர்களா? அடுத்த வருடம் டிசம்பர் 26. அம்பாறைக் கரையோரத்தில் அன்று நடந்ததை இங்குள்ள பெற்றோருக்குச் சொல்லத் தேவையில்லை. வாப்பா கணக்குக் கொப்பியைப் பின்னேரத்தில் வீட்டுக்குக் கொண்டு வருவது வழக்கம். எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் உயிர் தப்பினோம். கொப்பி மூன்றாம் நாள் சேற்றுக்குள் கிடைத்தது. மை கரைந்து பக்கங்கள் ஒட்டியிருந்தன. அதில் பெயர் எழுதப்பட்டிருந்த சிலர் உயிருடன் இல்லை. வாப்பா அதைக் காயப் போடவில்லை. அந்தக் கணக்கை அத்துடன் முடித்துக்கொண்டார்.

கருவியும் அழிந்தது, கடதாசியும் அழிந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ஒரே ஒரு பிரதி, ஒரே ஓர் இடம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

இந்த அனுபவத்திலிருந்து நான் வகுப்பில் சொல்லும் ஐந்து கேள்விகள் இவை.

1. எந்த வேலைக்கு? ஹோக்கின்ஸின் மரத்துண்டை நினையுங்கள். ஒரு வாரம் ஒரு தாளில், கருவி தேவைப்பட்ட நேரங்களைக் குறித்துப் பாருங்கள். பாடக் குறிப்பும் நேரசூசியும் தான் தேவையென்றால் விலை கூடிய கருவி வேண்டியதில்லை.

2. யார் வாசிப்பார்? வீட்டில் மற்றவரும் பார்க்க வேண்டிய விடயம் அவர்களின் மொழியில் இருக்க வேண்டும். இன்று ஏறத்தாழ எல்லாப் போனிலும் தமிழ் எழுதலாம். ஆகவே சாட்டுச் சொல்ல இடமில்லை.

3. மின் இல்லாதபோது என்ன செய்வது? 2022 மார்ச்சில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறக்க வேண்டாம். பரீட்சைக் காலத்தில் முக்கிய குறிப்புகள் கடதாசியிலும் இருக்கட்டும்.

4. இரண்டாவது பிரதி எங்கே? போனில் உள்ளது இணையக் கணக்கிலும் சேமிக்கப்படுகிறதா என்று பாருங்கள். அந்தக் கணக்கின் கடவுச்சொல் தாய்க்கோ தந்தைக்கோ தெரிந்திருக்கட்டும்.

5. நிறுவனம் மூடினால்? பாமும் பொக்கட் பீசியும் கடுமையாகப் போட்டியிட்டன. 2006 இல் பாம் நிறுவனமே மைக்ரோசொப்டின் மென்பொருளில் ஓடும் போனை விற்றது. 2007 இல் ஐபோன் வந்தது. 2010 இல் பாமை எச்பி நிறுவனம் வாங்கியது, அடுத்த வருடமே அக்கருவிகளை நிறுத்தியது. எது வெல்லும் என்று நான் கோடு கீறி ஒப்பிட்ட இரண்டும் இன்று கடையில் இல்லை. ஆகவே உங்கள் விபரத்தை வேறொரு கருவிக்கு மாற்ற முடியுமா என்று முதலே கேளுங்கள்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் சூரா அல்பகராவின் 282 ஆவது வசனம். அது கடனை எழுதி வைப்பது பற்றியது. சிறிதோ பெரிதோ எழுதுவதில் சோர்வடைய வேண்டாம் என்றும், எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்றும், சாட்சிகளை வைக்க வேண்டும் என்றும் அது கற்பிக்கிறது. சிறுவயதில் ஓதியபோது அது வியாபாரிகளுக்குரியது என்று நினைத்தேன். அந்தத் தாய் கடை வாசலில் நின்ற நாளில்தான் எழுதுபவளும் பொறுப்பாளி என்பது விளங்கியது.

ஆகவே மாணவிகளே, எந்தப் போன் நல்லது என்று கேட்குமுன் உங்கள் குறிப்பின் இரண்டாவது பிரதி எங்கே என்று உங்களையே கேளுங்கள். அதற்கு விடை இருந்தால், உங்கள் பெற்றோரின் கைக்கு எட்டிய விலையில் எதை வாங்கினாலும் போதும்.