அக்காவைப் போலத் தம்பியும் படிக்க வேண்டுமா?

"சுவாமி, மூத்தவள் ஒருக்காச் சொன்னால் பிடிச்சிடுவாள். இவனுக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. இவனை மாட்டோடை விடுறதுதான் சரி."

இடம்பெயர்ந்து கொட்டில் ஒன்றில் இருந்த விவசாயக் குடும்பத்துத் தாய் ஒருவர் எம்மிடம் கூறியவை இவை. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு ஐந்து. பையனும் பக்கத்திலேதான் நின்றான்.

இந்த ஒப்பீட்டில் ஒரு கணக்குப் பிழை உண்டு. ஏழு வயதையும் ஐந்து வயதையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது, அக்கா ஐந்து வயதில் எப்படி இருந்தாள் என்பதையே. அதுவரை அவள் சொந்த வீட்டில் இருந்தாள், முன்பள்ளிக்குப் போனாள், இரவில் தகப்பன் விளக்கடியில் இருத்திச் சொல்லிக்கொடுத்தார். தம்பியோ மூன்று வயதில் ஊரை விட்டுப் புறப்பட்டு, மூன்று இடம் மாறியவன். மூன்று தரம் பிடுங்கி நட்ட மிளகாய்க் கன்றிடம் மற்றக் கன்று காய்க்கும் நாளிலேயே காய் கேட்பீர்களா?

பிள்ளைகளைக் கூர்ந்து பார்ப்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே தமது மூன்று பிள்ளைகளையும் குழந்தைப் பருவம் முதல் வீட்டிலேயே அவதானித்துக் குறிப்பெடுத்தார். 1936 இல் வெளிவந்த அவரது நூல் அக்குறிப்புகளில் இருந்து பிறந்ததே. பிள்ளையின் பிழையான விடையை அவர் தள்ளிவிடவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறது என்று தேடினார். அகன்ற சட்டியில் உள்ள தண்ணீரை ஒடுங்கிய போத்தலில் ஊற்றிக் காட்டினால், ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் "கூடிவிட்டது" என்றே சொல்லும். ஏழு, எட்டு வயதில் அதே பிள்ளை இதைக் கேட்டுச் சிரிக்கும். நீங்களும் செய்து பார்க்கலாம்.

அந்தத் தாயிடம், ஒரு கிழமைக்கு மகனுக்கு ஒன்றும் படிப்பிக்காமல் சும்மா கவனிக்கும்படி கேட்டோம். அவருக்கு அது பெரிய கஷ்டமாக இருந்திருக்கும்! அடுத்த கிழமை வந்து சொன்னார்: நடுகைக்கு வெங்காயம் பிரிக்கும்போது, ஒருவரும் சொல்லாமலே பருமன் பார்த்து மூன்று குவியல் போட்டானாம். பதினொரு ஆட்டில் ஒன்று குறைந்தால் அக்காவுக்கு முன்னே அவனுக்குத் தெரிகிறதாம். ஆனால் 'ட' எழுதச் சொன்னால் இடம் வலம் மாறித்தான் எழுதுகிறானாம்.

'ட' மாறுவது நோயல்ல. மண்வெட்டியை எப்பக்கம் திருப்பினாலும் அது மண்வெட்டிதான் என்று இவ்வளவு காலமும் அவன் கண் பழகியிருக்கிறது. எழுத்து மட்டும் திருப்பினால் பிழையாகிவிடுகிறது. ஏழு வயது வரை இது பல பிள்ளைகளிடம் காணப்படுவதே. மணலில் விரல் பிடித்து எழுதவிட்டால் மெல்ல மெல்லச் சரிவரும்.

"அப்ப இவன் கையாலை படிக்கிற பிள்ளை" என்றார் தாய். இப்படிச் சொல்வதும் இப்போது வழக்கமாகிவிட்டது: ஒருவன் கண்ணால் படிப்பவன், மற்றவன் காதால் படிப்பவன் என்று. 2008 இல் அமெரிக்க உளவியலாளர் நால்வர் இதுபற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தனர். இவ்வாறு வகை பிரித்துக் கற்பித்தால் கூடுதலாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அக்காவும் மணலில் எழுதட்டும், தம்பியும் கதை கேட்கட்டும்.

போகும்போது தாய் இன்னொன்றும் சொன்னார். பின்னால் நின்று கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. முகம் பார்த்துச் சொன்னால் ஓடி வருகிறான். நாமும் சில அடி பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிப் பார்த்தோம். அவன் திரும்பவேயில்லை. கேட்டபோதுதான், சென்ற மாரியில் காதில் சீழ் வடிந்ததும், தேங்காய் எண்ணெய் விட்டதும் தெரியவந்தது. சீழ் வடியும் காதில் எண்ணெய் விடக்கூடாது. பஞ்சோ துணியோ வைத்து அடைக்கவும் கூடாது. தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வைத்தியர் மருந்து கொடுத்தார். ரீச்சரிடம் சொல்லிப் பையனை முன்வாங்கில் இருத்தினோம். இப்போது ஒரு தரம் சொன்னாலே பல விஷயங்கள் ஏறுகின்றனவாம். 'ட' மட்டும் இன்னமும் மறுபக்கம் பார்த்தபடிதான் நிற்கிறது.