நதியைத் தேர்ந்தெடுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ரிஷிகேசத்துக்கு மேலே சிவபுரியில் கங்கையில் இறங்கி, ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் முதலிய ரேபிட்டுகளை, அதாவது நுரைத்துச் சீறும் வேக ஓட்டங்களை, படகில் தாண்டி வந்த உற்சாகத்தில், அடுத்த கோடையிலேயே லடாக்கின் ஜான்ஸ்கார் நதியில் துடுப்புப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். நதியைத் தேர்ந்தெடுப்பதே இந்த வித்தையின் முதற்பாடம் ஆகையால், சற்று விஸ்தாரமாகவே பதில் எழுதுகிறேன்.

நதிகளின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். சிற்றலைகள் மட்டும் உள்ள ஓட்டம் முதல் தரம். ஒழுங்கற்ற அலைகளுக்கிடையே படகைத் திருப்பித் திருப்பிச் செலுத்தவேண்டியது மூன்றாம் தரம். கரையேறிப் பார்த்துவிட்டு நுழையவேண்டிய வலிய நீர் நான்காம் தரம். அனுபவசாலிகளுக்கும் பிராணாபத்து நேரக்கூடியது ஐந்தாம் தரம். ஆறாம் தரத்தைப் பற்றி நாம் பேசவேண்டிய அவசியமில்லை. இந்த எண்கள் பிரயோஜனமானவைதாம். ஆயினும், அவை நீரின் சுபாவத்தைச் சொல்லுமேயன்றி, நீரில் விழுந்தவனுடைய சக்தியை அறியமாட்டா. ஆகவே, படகில் அமர்ந்திருக்கையில் உன்னால் என்ன முடியும் என்று பாராமல், படகு கவிழ்ந்து, துடுப்பு கைநழுவி, அலை முகத்தில் அறையும் அந்தச் சில நிமிஷங்களில் உன்னால் என்ன முடியும் என்பதைக் கொண்டே நதியைத் தீர்மானித்துக்கொள்.

இந்த நோக்கோடு பார்த்தால் ஜான்ஸ்கார் வேறாகத் தெரியும். நீரின் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தாலோ, வழி மனித சஞ்சாரமற்ற பிரதேசத்தில் பல நாள் நீண்டாலோ, நதியை ஒரு தரம் கூட்டியே மதிக்கவேண்டும் என்பது அமெரிக்கப் படகோட்டிகள் வகுத்துக்கொண்ட விதி. பனியுருகி வரும் ஜான்ஸ்காரின் நீர் சில நிமிஷங்களிலேயே விரல்களை மரக்கச் செய்யும். செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே அது ஓடும் பள்ளத்தாக்கில், உதவி எளிதில் வந்து சேராது. அங்கே மூன்று என்று எழுதியிருப்பதை நீ நான்கென்றே படி. மேலும், வெயில் ஏறப் பனி உருகி வெள்ளம் பெருகுமாதலால், காலையில் பார்த்த நதியும் மாலையில் காணும் நதியும் ஒன்றல்ல. கர்நாடகத்துத் தாண்டேலியிலோ, காளி நதியின் போக்கு சூபா அணையிலிருந்து திறந்துவிடும் நீரைப் பொறுத்தது. எந்த நதியானாலும், அதன் பெயரோடு மாதத்தையும் அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்தே விசாரிக்கவேண்டும்.

உனக்குக் கங்கையே தக்க பள்ளிக்கூடம். பிரம்மபுரியிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர், சிவபுரியிலிருந்து 16, மரீன் டிரைவிலிருந்து 25, கௌடியாலாவிலிருந்து 35 என்று ரிஷிகேசம் வரை படிப்படியாக நீளும் வழிகள் அங்கே இருக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனி: கௌடியாலாவில் இறங்குபவன், உடம்பு சூடேறுவதற்குள், தொடக்கப் பகுதியிலேயே நான்காம் தரத்து ‘வால்’ ரேபிட்டைச் சந்திக்கிறான், அதற்குமுன் கைப்பழக்கம் பெற அவனுக்கு அவகாசமில்லை. கீழ்வழிகளில் அப்பழக்கத்தைப் பெற்றவனுக்கே மேல்வழி உரியது.

ரேபிட்டுக்கு மேலே படகைக் கட்டிவிட்டு, பாறைமேல் நின்று பொறுமையாகப் பார். நீர் வழுவழுப்பாக, கூர்முனை ஓட்டத்தின் திசையை நோக்க ‘வி’ போல் குவிந்து சென்றால், பெரும்பாலும் அது திறந்த வழி; கூர்முனை உன்னை நோக்கியிருந்தால், அங்கே பாறை மறைந்திருக்கிறது. பாறைக்கு அப்பால் நுரை எதிரோட்டமாகத் திரும்பிப் புரளும் இடம் படகைப் பிடித்து நிறுத்தும். விழுந்த மரத்தின் கிளைகளோ நீரைப் போகவிட்டு மனிதனைப் பிடித்துக்கொள்ளும். பிறகு, படகு எந்த இடத்தில் கவிழக்கூடும், அங்கிருந்து எந்தக் கரைக்கு நீந்துவாய், அடுத்த ரேபிட்டுக்குமுன் அமைதியான நீர் இருக்கிறதா என்று உன்னையே கேட்டுக்கொள். விடை கிடைக்காவிட்டால், படகைக் கரைவழியே சுமந்து செல். அதில் யாதொரு அவமானமும் இல்லை.

மழைக்காலத்தில் கங்கையில் ராஃப்டிங் நிறுத்தப்பட்டிருக்கும். அக்டோபரில் மறுபடியும் சிவபுரிக்கே போ. தேர்ந்த வழிகாட்டி கீழே கயிறுடன் நிற்க, எளிய ரேபிட்டில் வேண்டுமென்றே குதித்து, மல்லாந்து, பாதங்களை ஓட்டத்தின் திசைக்கு நீட்டி மிதந்து பழகு. ஓட்டத்தின் நடுவே ஒருபோதும் நிற்க முயலாதே. வேகம் இரட்டித்தால் நீரின் விசை நான்கு மடங்காகும். பாறையிடுக்கில் கால் சிக்கினால் அவ்விசையே உன்னை அமிழ்த்திவிடும். கவிழ்ந்த படகை நிமிர்த்தவும், பிறருக்குக் கயிறு வீசவும் கற்றுக்கொள். அதே வழியைக் குறைந்த நீரிலும் நிறைந்த நீரிலும் ஓட்டிப் பார். பின் மரீன் டிரைவ், பின் கௌடியாலா.

இவ்வளவும் ஆனபின் ஜான்ஸ்காரைப் பற்றி எனக்கு எழுது. எந்த மாதம், எந்தக் குழுவோடு போவது என்று இருவரும் சேர்ந்தே நிச்சயிப்போம்.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தை நாடும் அண்ணன்