அடுப்புப் புகையும் கர்ப்பிணியும்

நான் ஆறு மாதக் கர்ப்பிணி. வீட்டில் வெந்நீர் போட விறகடுப்புதான். புகை குழந்தையைப் பாதிக்குமா? – வாசகி, மேலூர்

அஞ்ச வேண்டாம் அம்மா. ஆனால் அடுப்பை இன்றே கொல்லைப்புறத்திற்கு மாற்றிவிடுங்கள். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், தமிழகத்தில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஒரு கனமீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடுந்தோறும் சிசுவின் பிறப்பு எடை சுமார் 4 கிராம் குறைகிறது. இது அற்பமாகத் தோன்றினும், மூடிய அறையில் விறகெரியும்போது அத்துகள் நூற்றுக்கணக்கான மைக்ரோகிராமாகப் பெருகுவதை நினைத்தால் அலட்சியம் செய்ய மனம் வராது. பிரசவம் வரை வெந்நீரைக் கேஸிலேயே வையுங்கள். இயலாதாயின், காய்ந்த விறகையே இட்டு, பாலிதீன் பையைக் கொளுத்தி மூட்டும் வழக்கத்தை அறவே விட்டு, அடுப்பு மூட்டும் பொறுப்பை வீட்டிலுள்ள ஆடவரிடம் ஒப்படையுங்கள்.