பல இனத்தார் கூடும் ஃபிரட்டர்னிட்டி: தொடங்குவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிய மாணவர் சங்கங்களுக்கு, அதாவது ஃபிரட்டர்னிட்டிகளுக்கு, அந்த நாட்டின் வயதுதான். வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா கப்பா 1776 டிசம்பர் 5 அன்று தொடங்கியது. இன்று நாம் காணும் வகையான சங்கங்கள் 1820களில் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் உருவாயின. அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக அவற்றில் பெரும்பாலானவை வெள்ளையினக் கிறிஸ்தவ ஆண்களுக்கே உரியவையாக இருந்தன; பல சங்கங்களின் விதிகளிலேயே அப்படி எழுதியிருந்தார்கள். 1948இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்க்க முன்வந்தபோது, தலைமை அந்தக் கிளையையே விலக்கிவைத்தது. விதிகள் பிறகு மாறின, வழக்கம் மாறவில்லை. அலபாமா பல்கலைக்கழகத்தின் பெண்கள் சங்கங்கள் கறுப்பின மாணவியரை ஒதுக்கியதை மாணவர் பத்திரிகை அம்பலப்படுத்தியது 2013இல்தான். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களின் வாசிப்புக் குழு ஒன்று 1906இல் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவாக மலர்ந்தது. ரட்கர்ஸில் 1981இல் மியூ சிக்மா அப்சிலான் என்ற பெண்கள் சங்கம், எந்த இனத்தவரும் சேரலாம் என்று அறிவித்துக்கொண்டே பிறந்தது. அத்தகைய சங்கங்களுக்கான தேசியக் கூட்டமைப்பு 1998இல் உருவானது. அதே ஆண்டில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் டெல்டா எப்சிலான் சை என்ற தெற்காசிய ஃபிரட்டர்னிட்டியும் தொடங்கியது.

இந்த வரிசையில் புதிதாக ஒன்றைத் தொடங்க நினைக்கும் மாணவர்கள் பெரும்பாலும் பெயர், சின்னம், நிறம், சட்டை என்று ஆரம்பிக்கிறார்கள். அது தலைகீழ். பல பண்பாட்டுச் சங்கம் என்று பெயரில் போட்டுக்கொள்வதால் அந்தத் தன்மை வந்துவிடாது. வாரந்தோறும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையிலிருந்துதான் வரும். ஆகவே முதலில் சேவை, அதிலிருந்து கூடிப் பழகும் வாழ்க்கை, கடைசியில் எழுத்துகள். இது வெறும் நல்லெண்ணத்தில் சொல்வதல்ல. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே இதை ஆராய்ந்து எழுதினார்: வெவ்வேறு கூட்டத்தார் சும்மா பக்கத்தில் இருந்தால் போதாது, சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, கூட்டு உழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு என்ற நான்கும் இருந்தால்தான் வேற்றுமை உணர்வு குறையும். பெட்டிக்ரூ, டிராப் என்ற இரு உளவியலாளர்கள் 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட கட்டுரை, பழக்கம் பொதுவாகவே வெறுப்பைக் குறைக்கிறது என்றும், இந்த நிபந்தனைகள் கூடும்போது பலன் பெருகுகிறது என்றும் காட்டியது. 1971இல் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இனப் பகை முற்றியபோது உளவியலாளர் எலியட் அரன்சன் செய்ததும் இதுதான். பாடத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒன்றைக் கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாராலும் முழுப் பாடத்தையும் அறிய முடியாது. இப்போது சனிக்கிழமை இரவு விருந்தை எண்ணிப் பாருங்கள். பாட்டுச் சத்தத்தில் அவரவர் தமக்குத் தெரிந்தவர்களோடு ஒரு மூலையில் ஒதுங்குவார்கள். அந்த நான்கில் ஒன்றுகூட அங்கே இல்லை.

முதல் வேலை, ஆள் சேர்ப்பது. எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். ஆனால் அவர்களில் ஓர் இனத்தார் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. தொடக்கத்தில் ஆறு நண்பர்கள் ஒரே ஊர்ப் பின்னணியில் இருந்துவிட்டு, 'மற்றவர்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்று நினைத்தால், பிறகு வருபவர் என்றைக்கும் விருந்தாளிதான். சமையல், நகைச்சுவை, கூட்டம் நடத்தும் பாணி எல்லாம் அதற்குள் ஒருவகையில் உறைந்துபோயிருக்கும். ஆகவே அறை நண்பர்களை விட்டு வெளியே போய்த் தேடுங்கள்: ஆய்வக வகுப்பு, விடுதிச் சாப்பாட்டுக்கூடம், நூலகத்தில் பகுதிநேர வேலை செய்பவர்கள், வீட்டிலிருந்து பேருந்தில் வந்து போகும் மாணவர்கள். கடைசியாகச் சொன்னவர்களைப் பெரும்பாலான சங்கங்கள் மறந்துவிடுகின்றன.

அடுத்தது, சேவையைத் தேர்ந்தெடுப்பது. இங்கேதான் நிதானம் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டப்பந்தயம் நடத்தி நன்கொடை திரட்டுவது நல்ல காரியம், ஆனால் அது சங்கத்தைக் கட்டாது. வாரந்தோறும் நடப்பதாக, ஒருவரை நம்பி ஒருவர் செய்வதாக, உறுப்பினர்களின் வெவ்வேறு பின்னணியே பயன்படுவதாக உள்ள வேலையைத் தேடுங்கள். அமெரிக்க வருமானவரித் துறை ஆதரிக்கும் தன்னார்வ வரி உதவித் திட்டம், 'வீட்டா' என்று சுருக்கமாகச் சொல்வது, இதற்கு மிகப் பொருத்தமானது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வரிக் கணக்கை இலவசமாகத் தாக்கல் செய்து கொடுக்கும் வேலை. துறை நடத்தும் தேர்வில் தேறிய மாணவர்கள் செய்யலாம். ஒரு மையத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உணவகத்தில் பாத்திரம் துலக்கும் ஓர் அம்மா, முதலாளி கொடுத்த டபிள்யூ-2 சம்பளப் படிவத்தைப் பையில் மடித்து எடுத்து வருகிறார். எல் சால்வடார்க் குடும்பத்து மாணவர் அவரோடு ஸ்பானிஷில் பேசி விவரம் கேட்டு எழுதுகிறார். கணக்கியல் படிக்கும் வியட்நாமிய மாணவர் கணினியில் ஏற்றுகிறார். மூன்றாமவர் ஒவ்வோர் எண்ணையும் மீண்டும் சரிபார்க்கிறார். எந்தக் கணக்கையும் தயாரித்தவரைத் தவிர இன்னொருவர் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்பது அங்கே விதி. தவறு கண்டுபிடிப்பதும் திருத்தப்படுவதும் அவமானமில்லாத வழக்கமாகிறது. ஜனவரிக் கடைசி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை இப்படி உட்கார்ந்தவர்களுக்குள் வரும் நம்பிக்கையை எந்த அறிமுகக் கூட்டமும் தராது. வரிக் கணக்கு ஒத்துவராத ஊரில் உணவு வங்கியோ பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவதோ இருக்கட்டும். வேலை மாறலாம், வாராந்தர ஒழுங்கு மாறக் கூடாது.

'சேவைதான் என்றால் ஆல்ஃபா ஃபை ஒமேகா என்ற சேவைச் சங்கம் 1925 முதல் இருக்கிறதே, அதில் சேர்ந்துவிடலாமே' என்ற கேள்வி நியாயமானது. சேவை மட்டுமே போதும் என்பவர் தாராளமாக அதில் சேரலாம். ஆனால் வீட்டைவிட்டுத் தொலைவில் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சேவை நேரம் முடிந்த பிறகும் போக ஓர் இடம் வேண்டும். காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவர ஆள் வேண்டும். ஃபிரட்டர்னிட்டி தருவது அந்த உறவை. இன்னோர் எதிர்ப்பு இதைவிடக் கனமானது: எல்லாரையும் கலந்தால் ஒவ்வொருவரின் பண்பாடும் நீர்த்துப்போகும், கறுப்பின, லத்தீன், ஆசியச் சங்கங்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு என்பது. காரணம் உண்டுதான், ஒதுக்கப்பட்டவர்களுக்கு அவை அரணாக நின்றன, இன்றும் நிற்கின்றன. புதிய சங்கம் அவற்றுக்குப் போட்டியாக வரக் கூடாது. உறுப்பினர் இனம் சார்ந்த மாணவர் மன்றங்களிலும் தொடரலாம் என்று விதியிலேயே எழுதிவையுங்கள். அந்த மன்றங்களோடு சேர்ந்து வேலை செய்யுங்கள்.

காகித வேலையை விரைவாகச் சொல்லிவிடலாம். கல்லூரியின் மாணவர் சங்க அலுவலகத்தில் அங்கீகார விதிகளைக் கேட்டு வாங்குங்கள். ஆலோசகராக ஒரு பேராசிரியரோ அலுவலரோ தேவைப்படலாம். வரித் துறையில் அமைப்புக்கான எண் இலவசமாகவே கிடைக்கும். அதை வைத்து வங்கிக் கணக்கு தொடங்குங்கள். சந்தாப் பணமும் நன்கொடைப் பணமும் ஒரு நாளும் கலக்கக் கூடாது, ஏனெனில் சமூகக் கழகமாகப் பதிவான அமைப்புக்குக் கொடுக்கும் பணத்துக்கு நன்கொடையாளருக்கு வரிவிலக்கு கிடையாது. ஆண்கள் மட்டுமா, எல்லாருமா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் சமூக வகை ஃபிரட்டர்னிட்டிகளுக்கு விலக்கு அளிக்கிறது, சேவைச் சங்கங்களுக்கு அளிப்பதில்லை. ஆல்ஃபா ஃபை ஒமேகா 1976இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது.

புதியவர்களைச் சேர்க்கும் முறையில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று உண்டு. ராகிங் இல்லாமல் பிணைப்பு வராது என்று பழைய சங்கத்தார் சொல்வார்கள். அதே அரன்சனும் சக ஆய்வாளர் மில்ஸும் 1959இல் செய்த சோதனையை அவர்கள் மேற்கோள் காட்டவும் கூடும்: சங்கடமான சோதனையைத் தாண்டிச் சேர்ந்த மாணவியர், சப்பென்றிருந்த கலந்துரையாடலைக்கூட அதிகம் விரும்பினார்கள். முடிவு உண்மை. ஆனால் அது பட்ட பாட்டுக்கு மனம் கற்பித்துக்கொள்ளும் நியாயம். பக்கத்தில் இருப்பவர்மீது வரும் நம்பிக்கை அல்ல. உழைத்துத்தான் சேர வேண்டும் என்றால், வரித் தேர்வுக்குச் சேர்ந்து படிப்பதும் எட்டு வாரம் தவறாமல் மையத்துக்கு வருவதும் உழைப்பில்லையா? 2017இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஃபிரட்டர்னிட்டி வீடு ஒன்றில், புதிதாகச் சேர்ந்த 19 வயது மாணவர் அளவுக்குமீறிக் குடிக்கவைக்கப்பட்டு, படிக்கட்டில் விழுந்து, ஏறக்குறைய 12 மணி நேரம் யாரும் உதவிக்கு அழைக்காமல் கிடந்து, பின்னர் இறந்தார். சகோதரர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள். 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டம், ராகிங் சம்பவங்களைக் கல்லூரிகள் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்கிறது. உங்கள் விதியில் இன்னும் தெளிவாக எழுதுங்கள்: மூத்தவர் செய்யாத எதையும் புதியவரிடம் கேட்கக் கூடாது; இரகசியமாகச் செய்ய வேண்டியது எதுவுமே கிடையாது.

இனி கூடிப் பழகுவது. அதை வேலையின் வாலாக வையுங்கள். மையம் மூடியதும் அங்கிருந்தே நேராகச் சாப்பிடப் போவதுதான் வாரத்தின் முக்கிய நிகழ்ச்சி. மாதத்துக்கு ஒரு வீட்டுச் சமையல், சமைக்கும் குழு மாறி மாறி. ஹலால், சைவம், கடலை ஒவ்வாமை எல்லாவற்றையும் பட்டியலாகச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். ஒருவர் தன் தட்டுக்காக ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல நேர்ந்தால் அவர் மெல்ல வராமல் போவார். பாத்திரம் கழுவும் முறை தலைவருக்கும் உண்டு. ரமலான் மாதத்தில் இஃப்தாருக்குப் பிறகு கூடுங்கள், தேர்வு அட்டவணையோடு சந்திரப் புத்தாண்டையும் தீபாவளியையும் நாட்காட்டியில் முன்பே குறித்துவிடுங்கள். குடி இல்லாவிட்டால் யார் சேருவார்கள் என்ற கேள்விக்குப் பதில்: அது இல்லாததாலேயே சேருபவர்கள் எல்லா வளாகத்திலும் இருக்கிறார்கள், அவர்களுக்குப் போக இடம்தான் இல்லை. சேர்க்கை மெதுவாகத்தான் வளரும். வளரட்டும்.

பதவிகளில் பொருளாளருக்கும் சேவைப் பொறுப்பாளருக்கும் தலைவருக்குச் சமமான அதிகாரம் கொடுங்கள், ஒவ்வொரு பதவிக்கும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைத் துணையாகப் போடுங்கள். நிறுவியவர்கள் பட்டம் பெற்றுப் போன அடுத்த ஆண்டில்தான் புதிய சங்கங்கள் சரிகின்றன.

வரி உதவி மையங்கள் இலையுதிர்காலத்திலேயே தன்னார்வலர்களைத் தேடத் தொடங்கிவிடும். செப்டம்பரில் அவர்களுக்கு எழுதிப் பெயர் கொடுங்கள். எந்த மூன்று கிரேக்க எழுத்து என்ற விவாதத்தை ஏப்ரல் 15க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.